நீரிழிவுப் பாடமும் உயிரி வங்கியும்: பத்தாம் வகுப்புக்கு ஒரு கற்பித்தல் திட்டம்

பத்தாம் வகுப்பு அறிவியலில் நீரிழிவு நோயை நாம் இரண்டு முறை கற்பிக்கிறோம். ஹார்மோன்கள் பாடத்தில் இன்சுலின் குறைவால் வரும் நோயாக ஒரு முறை. உடல் நலமும் நோய்களும் பற்றிய பாடத்தில் வாழ்க்கைமுறையோடு தொடர்புடைய நோயாக மற்றொரு முறை. நோயின் விளைவுகளைக் கேட்டால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் என்று மாணவர்கள் வரிசையாக எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

ஆனால் வீட்டில் சர்க்கரை நோயைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவி இப்படிக் கேட்டாள்: "டீச்சர், எங்க ஆயாவுக்கு இருபது வருஷமா சுகர். இன்னும் ஊசியில நூல் கோக்குறாங்க. எங்க மாமாவுக்கு அஞ்சு வருஷத்துலயே கால் விரலை எடுத்துட்டாங்க. ஒரே நோய்தானே, ஏன் இப்படி?"

இந்தக் கேள்விக்கு மருத்துவ அறிவியல் பாதி விடைதான் வைத்திருக்கிறது. மீதி விடையைத் தேடுவதற்காக உலகின் பல இடங்களில் நோயாளிகளின் இரத்தம், சிறுநீர், திசு ஆகியவற்றின் மாதிரிகள் பல ஆண்டுகளாகச் சேமிக்கப்படுகின்றன. இப்படிச் சேமிக்கும் இடத்தைப் பயோபேங்க் அல்லது உயிரி வங்கி என்கிறோம். சென்னையிலும் ஒன்று உருவாகியுள்ளது. இக்கட்டுரையின் முதல் பகுதி ஆசிரியர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகளைத் தருகிறது. இரண்டாம் பகுதி, அவற்றை நான்கு பாடவேளைகளில் வகுப்புக்குக் கொண்டுசெல்லும் வழியைச் சொல்கிறது.

பகுதி 1: ஆசிரியருக்கான பாடப்பொருள்

விளைவுகள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை

1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் நீண்ட நாள் வாழவில்லை. இன்சுலின் வந்த பிறகு அவர்கள் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அப்போதுதான் மெதுவாகத் தலைகாட்டும் கண், சிறுநீரக, நரம்புப் பாதிப்புகள் பெருமளவில் தெரியவந்தன.

இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இப்பாதிப்புகள் குறையுமா என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை, முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடந்த டி.சி.சி.டி. என்ற பெரிய ஆய்வு அதற்கு விடை தந்தது. சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் பாதிப்பு அபாயம் 76 விழுக்காடும், சிறுநீரகப் பாதிப்பு அபாயம் 50 விழுக்காடும், நரம்புப் பாதிப்பு அபாயம் 60 விழுக்காடும் குறைந்தன. மாணவர் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி இதுதான்: கட்டுப்பாடு காக்கும்.

இது பாதி விடை. மீதிப் பாதியை அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையத்திலிருந்து தொடங்கலாம். இன்சுலின் போட்டுக்கொண்டு 50 ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு இம்மையம் 1970 முதல் பதக்கம் வழங்கிவருகிறது. பதக்கம் பெற்றவர்களை ஆய்வு செய்தபோது, அவர்களில் கணிசமானோருக்குச் சிறுநீரகமோ கண்ணோ பெரிய அளவில் கெடவில்லை எனத் தெரிந்தது. சர்க்கரை அளவு மட்டுமே இதை முழுமையாக விளக்கவில்லை. சிலர் தம் மறைவுக்குப் பின் தம் சிறுநீரகத்தை ஆய்வுக்குத் தர முன்வந்தார்கள். அத்திசுக்களை ஒப்பிட்டபோது, பாதிக்கப்படாத சிறுநீரகங்களின் குளோமருலஸ் பகுதியில் பைருவேட் கைனேஸ் எம்2 உள்ளிட்ட சில நொதிகள் அதிகமாக இருந்தன. இந்த முடிவு 2017இல் வெளியானது. கிளைக்காலிசிஸின் கடைசிப் படியில் வேலை செய்யும் நொதி அது. செல் சுவாசப் பாடத்தை இங்கே இணைக்கலாம்.

நோய் ஏன் வந்தது என்று கேட்பதோடு, சிலருக்கு ஏன் பாதிப்பு வரவில்லை என்றும் கேட்ட ஆய்வு இது. அப்படிக் கேட்கத் திசுக்கள் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவரின் அரை நூற்றாண்டு மருத்துவ வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

இரத்த வங்கி வேறு, உயிரி வங்கி வேறு

மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். இரத்த வங்கியில் உள்ள இரத்தம் இன்னொருவர் உடலில் ஏற்றப்படும்; சில வாரங்களில் பயன்படுத்தியாக வேண்டும். உயிரி வங்கியில் உள்ள மாதிரி யார் உடலிலும் ஏறாது. பல ஆண்டுகள் உறைநிலையில் காத்திருந்து ஆய்வகத்துக்குப் போகும். கொடுத்தவருக்கு அதனால் உடனடிச் சிகிச்சையும் கிடைக்காது.

ஏன் காத்திருக்க வேண்டும்? நீரிழிவின் விளைவுகள் தெரிய 10, 15, 20 ஆண்டுகள் ஆகும். சிறுநீரகம் கெட்ட பிறகு எடுக்கும் இரத்தத்தில் காணும் மாற்றம், கெட்டதற்குக் காரணமா அல்லது கெட்டதன் விளைவா என்று பிரித்தறிவது கடினம். ஆகவே பாதிப்பு வருவதற்கு முன்பே பலரிடம் மாதிரி பெற்றுச் சேமிக்கிறார்கள். அவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். ஆண்டுகள் கழித்துச் சிலருக்குப் பாதிப்பு வருகிறது, சிலருக்கு வருவதில்லை. அப்போது பழைய மாதிரிகளை எடுத்து இரு தரப்பையும் ஒப்பிடுகிறார்கள். பின்னால் நடந்ததை அறிந்துகொண்டு முன்னால் சேமித்ததைப் படிப்பதே உயிரி வங்கியின் அடிப்படை.

எனவே உயிரி வங்கிக்கு மூன்று உறுப்புகள் உண்டு: மாதிரி, அதனோடு இணைந்த மருத்துவப் பதிவு, கொடுத்தவரின் ஒப்புதல். பதிவு இல்லாத மாதிரி யாருடையது, எந்த நிலையில் எடுத்தது என்று தெரியாத வெறும் உறைந்த இரத்தம். ஒப்புதல் இல்லாத மாதிரியைத் தொடவே உரிமை இல்லை.

படிப்படியாக ஒரு மாதிரியின் பயணம்

ஒருவரிடம் சில மில்லி லிட்டர் இரத்தம் எடுக்கப்படுகிறது. ஒரு பகுதி, உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் சேர்கிறது. அதை மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் மூன்று அடுக்குகள் தெரியும். மேலே இளமஞ்சள் நிறப் பிளாஸ்மா, அடியில் சிவப்பணுக்கள், நடுவே மெல்லிய வெண்படலம். அப்படலத்தில்தான் வெள்ளையணுக்கள் உள்ளன. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வெண்படலத்தை நாடுகிறார்கள். ஏன் சிவப்பணுக்களை நாடவில்லை? பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை என்று நாம் கற்பிக்கும் ஒரு வரிக்கு இங்கே நேரடிப் பயன் இருக்கிறது.

பிரித்த திரவங்கள் மிகச் சிறிய குப்பிகளில் பங்கிடப்படுகின்றன. ஒரே பெரிய குப்பியில் வைத்தால் ஒவ்வொரு ஆய்வுக்கும் முழுவதையும் உருக்கி மீண்டும் உறையவைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போதெல்லாம் புரதங்கள் சிதையும். சிறு பங்குகளாக இருந்தால் தேவையான ஒன்றை மட்டும் எடுக்கலாம். குப்பிகள் பெரும்பாலும் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியிலோ, திரவ நைட்ரஜன் கலன்களிலோ வைக்கப்படுகின்றன. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. இந்தக் குளிரில் நொதிகளின் செயல்பாடு ஏறக்குறைய நின்றுவிடும். ஒரு பெட்டி பழுதானால் எல்லாம் போய்விடக் கூடாது என்பதற்காக ஒரே நபரின் பங்குகளை வெவ்வேறு பெட்டிகளில் பிரித்து வைப்பதும் உண்டு.

குப்பியின் மேல் பெயர் இருக்காது. பட்டைக் குறியீடு மட்டுமே இருக்கும். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் தனியே பாதுகாக்கப்படும்.

நீரிழிவின் விளைவுகளை ஆராயும் வங்கிக்கு மருத்துவப் பதிவும் அதற்கேற்ப அமைய வேண்டும். விழித்திரையின் ஒளிப்படம் கண்ணின் நிலையைச் சொல்லும். சிறுநீரில் மிகச் சிறிய அளவில் அல்புமின் கசிவது சிறுநீரகப் பாதிப்பின் தொடக்க அறிகுறி. பாதத்தில் மெல்லிய நைலான் இழையை அழுத்தி உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது நரம்புக்கான எளிய சோதனை. எச்.பி.ஏ.1.சி. என்ற அளவு கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்நாள்களில் ஹீமோகுளோபினில் ஒட்டிய குளுக்கோஸின் அளவே எச்.பி.ஏ.1.சி. என்று விளக்கினால் மாணவர்களுக்கு எளிதில் புரியும்.

சென்னையில் ஏன்?

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இந்தியாப் ஆய்வின் கணிப்பின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது; மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் உள்ளனர். 2008இல் தொடங்கிய இந்த ஆய்வு மாநிலம் மாநிலமாக, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டது. இவ்வாய்வில் சேர்ந்த மாதிரிகளையும், இளவயதில் நீரிழிவு வந்தவர்களுக்காக 2006இல் தொடங்கிய ஐ.சி.எம்.ஆர். பதிவேட்டின் மாதிரிகளையும் கொண்டு, மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் நாட்டின் முதல் நீரிழிவு உயிரி வங்கி அமைந்தது. 2024 டிசம்பரில் இது செய்தியாக வெளிவந்தது.

பிரிட்டனில் ஏற்கெனவே ஒரு பெரிய வங்கி இருக்கும்போது நமக்குத் தனியே எதற்கு என்று மாணவர் கேட்கலாம். 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட 5 இலட்சம் பேரைச் சேர்த்தது யு.கே. பயோபேங்க். அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் வெள்ளை இனத்தவர். நம் மக்களுக்கோ உடல் எடை குறைவாக இருக்கும்போதே, இளம் வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்வதும் அதிகம். அங்கே கண்டறிந்ததை இங்கே அப்படியே பொருத்த முடியாது. நம் உடலைப் பற்றிய கேள்விக்கு நம் மாதிரிகளும் வேண்டும்.

நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினரிடையே நீரிழிவு மிகுதி. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்தம் பெற்றனர். நீரிழிவுக்கான ஆய்வு என்றே அம்மக்கள் புரிந்துகொண்டார்கள். ஒப்புதல் படிவத்தின் வாசகமோ நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்வது என்று விரிவாக இருந்தது. பின்னர் அந்த இரத்தம் மனச்சிதைவு நோய் ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் பயன்பட்டது. தாம் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. 2003இல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு விளக்கக் கூட்டத்தில் அமர்ந்திருந்த அப்பழங்குடிப் பெண் ஒருவர் மூலம் இது வெளியே தெரிந்தது. அப்பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தம் நிலத்துக்குள் வரப் பழங்குடியினர் தடை விதித்தனர், வழக்கும் தொடுத்தனர். 2010இல் 41 பேருக்கு 7 இலட்சம் டாலர் இழப்பீடு தரப்பட்டது. மீதமிருந்த இரத்த மாதிரிகளும் திருப்பி ஒப்படைக்கப்பட்டன.

நீரிழிவு ஆய்வு மிகவும் தேவைப்பட்ட ஒரு சமூகம் ஆய்வுக்கே கதவை அடைத்துவிட்டது. குளிர்பெட்டி பழுதடையவில்லை, படிவத்தின் வாசகமும் மக்கள் புரிந்துகொண்டதும் வேறுவேறாக இருந்தன. அதுவே காரணம்.

நம் நாட்டில் ஐ.சி.எம்.ஆர். 2017இல் வெளியிட்ட தேசிய ஒழுக்கநெறி வழிகாட்டுதல்களில் உயிரி மாதிரிகளைச் சேமிப்பது பற்றித் தனிப் பகுதி உண்டு. எந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று கொடுப்பவர் தெரிவு செய்யும் அடுக்கு ஒப்புதல், ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை, மறைகாப்பு ஆகியவை அதில் பேசப்படுகின்றன. 18 வயதுக்குட்பட்டோர் ஆய்வில் பெற்றோரின் ஒப்புதலோடு, 7 வயது முதல் குழந்தையின் இசைவையும் கேட்க வேண்டும்.

இது நம் மாணவர்களுக்கு எட்டாத செய்தி இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. மருத்துவ முகாம்களும் ஊருக்குள் நடக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் கையில் ஒரு படிவம் வந்தால் அதை வாசித்துச் சொல்வது யார்? பெரும்பாலும் நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்கு என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பகுதி 2: வகுப்பறைச் செயல்பாடு

கற்றல் விளைவுகள்

• நீரிழிவின் விளைவுகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதை எடுத்துக்காட்டுடன் விளக்குவர்.
• முன்கூட்டிச் சேமித்த மாதிரி ஏன் தேவை என்று கூறுவர்.
• குறியீடு, பதிவேடு, மறைகாப்பு ஆகியவற்றைச் செய்து கற்பர்.
• ஓர் ஒப்புதல் படிவத்தை வாசித்து, அதில் விடுபட்டவற்றைக் கேள்வியாகக் கேட்பர்.

தேவையான பொருள்கள்: அடியில் துளையிட்ட 40 காகிதக் கோப்பைகள், மண், வெவ்வேறு வீடுகளிலிருந்து கொண்டுவந்த தட்டைப்பயறு விதைகள், சமையல் உப்பு, வரைபடத்தாள், பழைய செய்தித்தாள், பென்சில், இரண்டு குறிப்பேடுகள்.

பாடவேளை 1: விதைத்தலும் குறியீடும்

ஒரு கோப்பைக்கு ஒரு செடி. ஒவ்வொரு கோப்பைக்கும் த-1, த-2 எனக் குறியீடு. முதல் குறிப்பேட்டில் குறியீடும் விதை கொண்டுவந்தவர் பெயரும் மட்டும் இருக்கும். அதை ஒரே ஒரு மாணவர் பொறுப்பில் ஒப்படையுங்கள். இரண்டாம் குறிப்பேட்டில் குறியீடும் செடியின் அளவுகளும் மட்டும். அளப்பவருக்கு அது யார் கொண்டுவந்த விதை என்று தெரியாது. மறைகாப்பு என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாடவேளை 2: மாதிரி எடுத்தல் (ஏறத்தாழ 12ஆம் நாள்)

தட்டைப்பயற்றில் முதலில் எதிரெதிராக இரண்டு தனி இலைகள் வரும். பிறகு மூன்று சிற்றிலை கொண்ட கூட்டிலை வரும். கூட்டிலை விரிந்ததும் முதல் இரண்டில் ஓர் இலையை மட்டும் கிள்ளச் சொல்லுங்கள். அதை வரைபடத்தாளில் வைத்து விளிம்பு வரைந்து, கட்டங்களை எண்ணிப் பரப்பளவைக் குறிக்க வேண்டும். பின் செய்தித்தாள் மடிப்புக்குள் வைத்துப் பாடம் செய்ய வேண்டும். குறியீட்டையும் தேதியையும் பென்சிலில் எழுதுவது நல்லது; பேனா மை ஈரம் பட்டால் கரையும். சேமிப்பு இத்துடன் முடிந்தது. செடிகளுக்கு இன்னும் எந்தத் துன்பமும் வரவில்லை என்பதை வகுப்பில் அழுத்திச் சொல்லுங்கள்.

மறுநாள் முதல் 36 செடிகளுக்கு உப்பு நீர். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. மீதி 4 செடிகளுக்கு வெறும் நீர். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும்.

பாடவேளை 3: பின்னோக்கிப் பார்த்தல் (இரண்டு வாரம் கழித்து)

பசுமையாக உள்ளவை, மஞ்சளானவை, வாடியவை என்று செடிகளைப் பிரிக்கிறோம். ஒரே உப்பு நீரைக் குடித்தும் எல்லாம் ஒரே வேகத்தில் வாடுவதில்லை. இப்போது பாடம் செய்த இலைகளை எடுத்து, வாடிய செடிகளின் இலைகளை ஒரு பக்கமும் தாக்குப்பிடித்த செடிகளின் இலைகளை மறுபக்கமும் அடுக்குங்கள். பரப்பளவில் வேறுபாடு உண்டா? சராசரி கண்டுபிடியுங்கள். பிறகு முதல் குறிப்பேட்டைத் திறந்து, ஒரே வீட்டு விதைகள் ஒரே பக்கம் குவிகின்றனவா என்று பாருங்கள். வேறுபாடு தெரியாமலும் போகலாம். அதையும் ஒரு முடிவாகவே பதிவு செய்யப் பழக்க வேண்டும்.

இங்கே கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் காய்ந்த இலையை வைத்து இனிமேல் கண்டுபிடிக்க முடியாதது எது?" எங்கள் வகுப்பில் முதலில் அமைதி. பிறகு ஒரு மாணவன், "இலையில எவ்வளவு தண்ணி இருந்துச்சுன்னு சொல்ல முடியாது டீச்சர், அது காஞ்சு போச்சே" என்றான். சரியான விடை. எப்படிச் சேமிக்கிறோம் என்பதே பின்னால் எதைக் கேட்க முடியும் என்பதை முடிவு செய்கிறது. உண்மையான வங்கியில் பிளாஸ்மா, சீரம், வெண்படலம், சிறுநீர் என்று தனித்தனியே வைப்பதன் காரணம் அப்போது தானாகப் புரிகிறது.

இது ஒப்புமைக்கான மாதிரி மட்டுமே என்பதையும் சொல்லிவிடுங்கள். உப்பு நீரில் செடி வாடுவதும் நீரிழிவில் சிறுநீரகம் கெடுவதும் வேறு வேறு நிகழ்வுகள். நாம் கற்பது ஆய்வு முறையை.

பாடவேளை 4: படிவத்தை வாசித்தல்

கரும்பலகையில் இரண்டு படிவங்களை எழுதுங்கள்.

படிவம் அ: "மருத்துவ ஆராய்ச்சிக்காக என் இரத்தத்தை எடுக்கவும் பயன்படுத்தவும் சம்மதிக்கிறேன்."

படிவம் ஆ: "சர்க்கரை நோயால் கண், சிறுநீரகம், நரம்பு கெடுவது ஏன் என்று ஆராய, என்னிடம் இரண்டு தேக்கரண்டி அளவு இரத்தமும் சிறிது சிறுநீரும் எடுக்கப்படும். இவை 20 ஆண்டுகள் வரை சேமிக்கப்படும். என் பெயருக்குப் பதில் குறியீடு இருக்கும். வேறு நோய்களுக்கான ஆய்வில் பயன்படுத்த: சம்மதம் / சம்மதமில்லை. நான் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் என் சிகிச்சை நிற்காது."

இரண்டு பேர் நடிக்கட்டும். ஒருவர் களப்பணியாளர், மற்றவர் பாட்டி. எங்கள் வகுப்புப் பாட்டி கேட்ட கேள்விகள் சில:

"ஏன் தம்பி, நான் செத்துட்டா அந்த ரத்தத்தை என்ன பண்ணுவீங்க?"

"என் ரத்தத்துல ஏதாவது கோளாறு தெரிஞ்சா எனக்குச் சொல்லுவீங்களா, மாட்டீங்களா?"

"இதை வெச்சு மருந்து கண்டுபிடிச்சா அதை எனக்கு விலைக்குத்தானே விப்பாங்க?"

களப்பணியாளராக நடித்த மாணவன் படிவம் ஆ-வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூன்று கேள்விக்கும் அதில் விடை இல்லை. நான் எழுதிய படிவத்தை மாணவர்களே விரிவாக்கினார்கள். பெரிய வங்கிகளின் ஒழுக்கநெறிக் குழுக்கள் விவாதிப்பதும் இவற்றைத்தான்: கொடுத்தவர் இறந்த பின் மாதிரியின் நிலை, கண்டறிந்ததைத் தெரிவிக்கும் கடமை, பயனில் பங்கு. இதன் பிறகு ஹவாசுபாய் மக்களின் நிகழ்வைச் சொன்னால் ஆழமாகப் பதியும். முதலிலேயே சொன்னால், இரத்தம் கொடுப்பதே ஆபத்து என்ற அச்சம் மட்டும் மிஞ்சும். மறுப்பதற்கு உரிமை இருப்பது போலவே, அறிந்து கொடுப்பது பெரிய உதவி என்பதும் மாணவர் மனத்தில் நிற்க வேண்டும்.

ஆசிரியர் கவனத்துக்கு

• யாருக்கு வீட்டில் சர்க்கரை நோய் என்று கை உயர்த்தச் சொல்ல வேண்டாம். தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். மறைகாப்பைக் கற்பிக்கும் வகுப்பில் அதை நாமே மீறலாகாது.
• வகுப்பில் யாரிடமும் இரத்தமோ சிறுநீரோ எடுக்கக் கூடாது. விரல்நுனிச் சோதனையும் வேண்டாம்.
• முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தை வகுப்பில் இருக்கலாம். இனிப்பு அதிகம் தின்றதால் அந்நோய் வருவதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பதால் வருகிறது. இதை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள்.
• பாதிப்பு வந்தவரைக் குற்றவாளியாக்கும் பேச்சைத் தவிர்ப்போம். அதே நேரம், எல்லாம் விதி என்ற எண்ணமும் தங்கிவிடக் கூடாது. டி.சி.சி.டி. ஆய்வின் மூன்று எண்களையும் மீண்டும் நினைவூட்டுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் உப்பு நீர்ப் பகுதியை விட்டுவிட்டு, நான்காம் ஐந்தாம் வகுப்பில் இலைச் சேகரிப்பை மட்டும் செய்யலாம். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று மூன்று விவரம் எழுதாத இலை ஆல்பத்தில் சேராது என்ற ஒரே விதி போதும்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. டி.என்.ஏ. பிரித்தெடுக்க இரத்தத்தின் எந்தப் பகுதி பயன்படுகிறது? ஏன்?
2. ஒருவரின் பிளாஸ்மாவைப் பல சிறு குப்பிகளில் பங்கிடுவது ஏன்?
3. சிறுநீரகம் செயலிழந்த பின் மட்டும் இரத்தம் எடுத்து ஆராய்ந்தால் எழும் சிக்கல் யாது?
4. மருத்துவப் பதிவு தொலைந்துபோன 1,000 மாதிரிகள், பதிவோடு கூடிய 100 மாதிரிகள். எதை நீ தேர்ந்தெடுப்பாய்? காரணம் கூறு.
5. உன் பாட்டியிடம் ஓர் ஒப்புதல் படிவம் தரப்படுகிறது. அவர் கையெழுத்திடுவதற்கு முன் நீ கேட்கும் மூன்று கேள்விகளை எழுது.

நான்காம், ஐந்தாம் வினாக்களுக்கு ஒரே சரியான விடை கிடையாது. காரணம் சொல்லும் திறனுக்கே மதிப்பெண் தருகிறேன்.

செயல்பாடு முடிந்ததும் பாடம் செய்த இலைகளையும் இரண்டு குறிப்பேடுகளையும் தூக்கிப் போட வேண்டாம். உறையிலிட்டு, ஆய்வக அலமாரியில் ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டுப் பத்தாம் வகுப்பு, நாம் நினைத்தும் பார்க்காத ஒரு கேள்வியோடு அவற்றைத் திறக்கலாம். இலையின் நரம்புகளை எண்ணிப் பார்க்கலாமா என்று யாரேனும் கேட்கலாம். குறியீடும் தேதியும் சரியாக இருந்தால் அவர்களால் விடை தேட முடியும்.